ஒரு நாள் பாக்கி!

ஆடிட்டர் ஆபீசில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவனுக்குப் பசிபிக் சமுத்திரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன் சார். ஃபைல் போடுகிற வேலை!

மெரினாவில் முழங்காலுக்கு மேல் நனைந்தவன் இல்லை நான். முட்டுக்காட்டில் படகில் ஏறி, பாதியிலேயே 'திருப்புங்க... திருப்புங்க' என்று கத்திய சரித்திரமும் உண்டு. அப்படிப்பட்ட என்னை 2020 ஜனவரியில் சின்ன மாமா டொரண்டோவிலிருந்து போனில் கூப்பிட்டார். மாமா ரிட்டயர்டு மரைன் இன்ஜினீயர். வயசு 63. ரிட்டயர்மென்ட் பணத்தில் பாதியைப் போட்டு, 38 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருந்தார். (மீதிப் பாதி அதை ரிப்பேர் செய்வதில் போய்க்கொண்டிருந்தது!)

"மாப்ளே, பனாமாலேருந்து நியூசிலாந்து. ஆறு மாசம். கூட வர்றியா?"

"மாமா, எனக்கு ஷூ லேஸைத் தவிர வேற முடிச்சு போடத் தெரியாதே!"

"கயிறெல்லாம் நான் பாத்துக்கறேன். எனக்குப் பேப்பர் வேலைதான் ஆகாது. ஒவ்வொரு நாட்டுலயும் கஸ்டம்ஸ், இமிக்ரேஷன், ஹெல்த், துறைமுகம்னு நாலு ஆபீசு. நாலுலயும் நாலு ஃபாரம். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன்."

அம்மாவிடம் சொன்னேன். 'என் தம்பி கூடத்தானே போறே, போயிட்டு வா' என்றாள். மன்னார்குடியில் இருந்த அம்மாச்சியிடம் போனில் சொன்னேன். அம்மாச்சிக்கு 88 வயசு. காது மந்தம். "கடல்லயா? வெந்நீர்ல குளி!" என்றாள். ஆபீசில் சம்பளம் இல்லாத ஆறு மாச லீவு கேட்டேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மார்ச் மாசம் ஆடிட்டர் ஆபீஸ்ல லீவு கேக்கற முதல் ஆள் நீதான்யா" என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பினார்.

கிளம்புமுன் பாரிமுனையில் படகின் பேரைப் போட்டு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டேன். வட்டமாக, நடுவில் நங்கூரம் வைத்து. மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் எந்தத் தீவிலும் சிரிக்கவில்லை. உலகத்தில் எந்த அதிகாரியும் ஸ்டாம்ப் குத்தின காகிதத்தைக் கொஞ்சம் மரியாதையோடுதான் பிடிக்கிறார் சார்!

படகில் ஒரு நாட்டுக்குள் நுழைவது பற்றி இரண்டு வார்த்தை. ஏர்போர்ட்டில் இறங்கினால் கதவே உங்களை இமிக்ரேஷன் க்யூவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கடலில் அப்படிக் கதவு கிடையாது. முன்னால் இருந்த நாட்டில் 'இவர்கள் ஒழுங்காகக் கணக்கு முடித்துக் கிளம்பினார்கள்' என்று ஒரு சீட்டு வாங்க வேண்டும். வீடு காலி செய்யும்போது ஓனர் தரும் லெட்டர் மாதிரி. அது இல்லாமல் அடுத்த நாட்டில் சேர்க்க மாட்டார்கள். அங்கே போனதும், அவர்கள் சொன்ன துறைமுகத்தில்தான் நங்கூரம் போட வேண்டும். பாய்மரத்தின் பக்கத்தில் ஒரு மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். 'எங்கள் படகில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கொடுங்கள்' என்று அதற்கு அர்த்தம். அனுமதி கிடைக்கும் வரை ஒருத்தர் கால்கூடத் தரையில் படக் கூடாது.

எல்லா நாளும் அந்தக் கொடி வெறும் சம்பிரதாயம். அதிகாரி வருவார், ஒரு காபி குடிப்பார், ஸ்டாம்ப் குத்துவார், கொடியை இறக்கலாம். பழைய காலத்தில் அப்படி இல்லை. பிளேக் பயத்தில் 1377-லேயே ரகுசா துறைமுகம், இன்றைய துப்ரோவ்னிக், வருகிறவர்களை 30 நாள் தனியே நிறுத்தியது. வெனிஸ்காரர்கள் அதை 40 நாள் ஆக்கினார்கள். இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு 'குவாரன்தா'. அதிலிருந்துதான் குவாரன்டைன். இதையெல்லாம் பனாமாவில் மாமா கதையாகச் சொன்னபோது, நானும் கதையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

2020 மார்ச் 9-ம் தேதி கிளம்பினோம். மார்ச் 11-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. நாங்கள் கரையை விட்டு இரண்டு நாள் தள்ளி, நான் பக்கெட்டைக் கட்டிப்பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். என் உலகத்தில் அப்போது ஒரே நோய்தான்!

எங்களிடம் கையளவில் ஒரு சாட்டிலைட் கருவி இருந்தது. ஒரு தகவலுக்கு 160 எழுத்துதான் பிடிக்கும். அம்மா இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடித்து அனுப்புவாள். அந்த 160 எழுத்துக்குள்ளேதான் உலகம் மூடிக்கொண்டே வந்தது. 'கடை எல்லாம் மூடிட்டாங்க.' 'இன்னிக்கு எல்லாரும் கைதட்டினோம்.' 'இருபத்தோரு நாள் யாரும் வெளியே போகக்கூடாதாம். நீங்க பத்திரமா இருங்க, வெளியே போகாதீங்க.'

நான் சுற்றிலும் பார்த்தேன். நாலு பக்கமும் தண்ணீர். வெளியே போகாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

ஆனால் மாமா முகம் மாறிவிட்டது. "மாப்ளே, நாம போற வழியில உள்ள கதவெல்லாம் ஒண்ணொண்ணா சாத்தறாங்க. பனாமாவும் சாத்திட்டான். திரும்பவும் முடியாது" என்றார். காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கிற கடல் அது. பாய்மரப் படகு முன்னால்தான் போக முடியும். யோசித்துப் பாருங்கள்... பஸ் பாதி வழியில் இருக்கும்போது போகிற ஊரும் கிடையாது, புறப்பட்ட ஊரும் கிடையாது என்றால்?

34 நாள் கழித்து பிரெஞ்சு பொலினீசியாவில் நூக்கு ஹிவா தீவு தெரிந்தது. எனக்கு அதற்கென்று தனியாக விசா வாங்க வேண்டியிருந்தது. (இந்தியப் பாஸ்போர்ட் சார், அதற்குக் கதவு திறக்க இரண்டு சாவி வேண்டும்!) அங்கும் ஊரடங்கு. படகை விட்டு இறங்காதே, தீவு விட்டுத் தீவு நகராதே என்றார்கள். மஞ்சள் கொடியை ஏற்றினோம். இந்த முறை யாரும் காபி குடிக்க வரவில்லை. பக்கத்துப் படகுகளில் பல தேசத்துக்காரர்கள். எல்லார் மரத்திலும் மஞ்சள் கொடி. திருப்பதியில் மொட்டை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொண்டோம்.

அங்கேதான் என் ஃபைல் பிழைப்பு ஆரம்பித்தது. நீலக் கலர் பாக்ஸ் ஃபைல். உள்ளே தடுப்பு அட்டை போட்டு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பகுதி. மூடிய நாடுகளுக்குச் சிவப்பு, யோசிக்கிற நாடுகளுக்கு மஞ்சள், திறந்த நாடுகளுக்குப் பச்சை. பச்சையில் ஒரு காகிதம்கூட இல்லை. குக் தீவுகள், தோங்கா, சமோவா எல்லாம் சிவப்பு. நியூசிலாந்து மார்ச்சிலேயே எல்லையை மூடியது. ஜூன் 30 அன்று வெளிநாட்டுப் படகுகளுக்கென்றே தனி உத்தரவும் போட்டது. அதிலும் ஒரு சந்து வைத்திருந்தார்கள். படகைப் பழுதுபார்க்கப் பெரிய தொகை செலவழிக்க வருகிறவர்களுக்கு விதிவிலக்கு தரலாம் என்று.

மாமா படகை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "பழுது நிறையவே இருக்கு. பணம்தான் இல்லை" என்றார்.

ஊரடங்கு தளர்ந்து, தாஹிட்டியில் பப்பீட்டேவுக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு விசா கெடு ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கு வழக்கமான விமானம் எதுவும் இல்லை. அதைவிட மாமாவின் பிரஷர் மாத்திரை. ஆறு மாசத்துக்கு வாங்கி வந்ததை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்திருந்தார். எனக்குத் தெரியாமல்! பட்டையை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஸ்டாக் வெரிஃபிகேஷன் செய்து பழக்கப்பட்ட கை. அங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்து வேறு வாங்கிக் கொடுத்தேன். "அத்தைகிட்ட சொல்லிடாதே மாப்ளே" என்றார். சொல்லவில்லை. (இப்போது படித்தால்தான் உண்டு.)

ஜூன் 21 அன்றுதான் கதவு ஒன்று லேசாகத் திறந்தது. ஃபிஜியின் அப்போதைய பிரதமர் பைனிமராமா 'நீலப் பாதை' என்று ஒரு திட்டம் அறிவித்தார். பாய்மரப் படகுகள் வரலாம். கிளம்புமுன் கொரோனா டெஸ்ட் எடுத்து, இல்லை என்று சான்று வேண்டும். முன்கூட்டி அனுமதி வேண்டும். வழியில் எங்கும் நிற்கக் கூடாது. நேரே டெனராவ் மெரினாவுக்கு வர வேண்டும். இதெல்லாம் சரி, எல்லாரும் கேட்பதுதான். அடுத்த வரிதான் முக்கியம். கடலில் கழித்த நாட்களை, நிரூபிக்க முடிந்தால், 14 நாள் தனிமையில் கழித்துக்கொள்வோம்!

நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அதுவரை எல்லா நாடும் எங்களை அன்றைக்குத்தான் பிறந்த மாதிரி முதலிலிருந்து எண்ணியது. 34 நாள் ஒரு காக்கையைக்கூடப் பார்க்காமல் வந்தவர்களைக் கரையில் நிறுத்தி, 'இனிமேல் தனியாக இருங்கள்' என்றது. ஃபிஜி மட்டும்தான் 'நீ பட்டதை நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்' என்றது. பதினோரு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் எந்த மேனேஜரும் என்னிடம் சொல்லாத வார்த்தை!

இன்னொரு விஷயம், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஃபிஜி முன்கூட்டி விசா கேட்பதில்லை. என் ஃபைலில் முதல் பச்சை.

ஜூலை 20, திங்கட்கிழமை, காலை 9 மணிக்கு பப்பீட்டேவிலிருந்து கிளம்பினோம். சுமார் 1,800 கடல் மைல். நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களா... நிரூபணம் என் துறை. லாக் புத்தகத்தில் மூன்று மணிக்கு ஒரு தடவை எழுதினேன். நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று, வேகம், இரண்டு பேரின் டெம்பரேச்சர், கீழே கையெழுத்து. தினமும் காலையில் ஸ்டாம்ப் வேறு. மாமா கயிறை இழுத்துக்கொண்டே, "அலையையும் வவுச்சர்ல ஏத்திடுவே போலிருக்கே" என்பார்.

ஐந்தாம் நாள், ஜூலை 24, மத்தியானம் மூன்று மணி. கருவி 'டிங்' என்றது. நான்தான் எடுத்துப் பார்த்தேன்.

'அம்மாச்சி இன்னிக்குக் காலை 5 மணிக்குத் தவறிட்டாங்க. தூக்கத்துலயே. தம்பிகிட்ட பக்குவமா சொல்லு.'

160 எழுத்துகூட ஆகவில்லை.

மாமா சுக்கான் பக்கத்தில் நின்றிருந்தார். நான் பக்குவத்தைத் தேடிக்கொண்டு நின்றேன். அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவா?" என்றார். தலையை ஆட்டினேன். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாய் ஒரு தடவை படபடத்தது. எட்டி அந்தக் கயிறை இறுக்கிக் கட்டினார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.

ஊரில் ஜூலை 25 சனிக்கிழமை விடிந்திருந்தது. எங்களுக்கு இன்னும் 24 வெள்ளிக்கிழமை. "மாப்ளே, நம்ம கடிகாரப்படி அம்மா இன்னும் போகலைடா. நாளைக்குத்தான்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

பக்கத்தில் தீவுகள் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாம் சிவப்பு. இறங்கினாலும் விமானம் கிடையாது. விமானம் இருந்தாலும் மன்னார்குடிக்குப் போய்ச் சேரப் பத்து நாள் ஆகும். எங்களை விடுங்கள்... அம்மா சென்னையிலிருந்து 300 கிலோமீட்டர் போக இ-பாஸ் வேண்டியிருந்தது! மாவட்டம் விட்டு மாவட்டம் போக அப்போது அதுதான் சட்டம். சாவு என்பதால் பாஸ் வந்தது. வழியில் சுங்கச்சாவடியில் நிறுத்திக் காகிதத்தைப் பார்த்தார்களாம். 'யார் இறந்தது? உங்களுக்கு என்ன உறவு? ஆதாரம்?' தாயைப் பார்க்கப் போகிற மகளுக்கு எல்லை, சுங்கம், அனுமதிச் சீட்டு. மொத்தம் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்பதால் தெருவில் பாதிப் பேர் வாசலிலேயே நின்று கும்பிட்டார்களாம். பெரிய மாமா கொள்ளி வைத்தார்.

மாமா கடல் தண்ணீரை பக்கெட்டில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். நான் சோறு வடித்தேன். இருட்டினதும் அவர் லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். என் இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே, தமிழில் ஒரே வரி எழுதினார்.

'அம்மா காலமானார். காற்று தென்கிழக்கு, 18 நாட். படகு நேர்வழியில்.'

அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் நான் ஸ்டாம்ப் குத்தவில்லை.

நாட்கள் போயின. ஒரு ராத்திரி தூரத்தில் ஒரு தீவின் விளக்கு தெரிந்தது. யாரோ சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிற வெளிச்சம். இறங்கினால் எங்கள் கணக்கு உடைந்துவிடும். பார்த்துக்கொண்டே தாண்டினோம்.

ஜூலை 31 வெள்ளிக்கிழமைக்கு அடுத்து, தேதிக் கோட்டைத் தாண்டுகிற கணக்கில், நேரே ஆகஸ்ட் 2 ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினேன். ஆகஸ்ட் 1 எங்களுக்கு வரவே இல்லை. ஒண்ணாம் தேதியே இல்லாத மாசம்! சம்பளக்காரனுக்கு இதைவிடப் பயங்கரம் உண்டா?

ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை, காலை 7 மணிக்கு டெனராவில் நங்கூரம் போட்டோம். மஞ்சள் கொடி ஏற்றினோம். மாஸ்க், முகக் கவசம், கையுறையோடு ஒரு சின்னப் படகில் அதிகாரிகள் வந்தார்கள். விவசாயத் துறைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து, பப்பீட்டே எலுமிச்சையையும் வெங்காயத்தையும் பையில் போட்டுக் கட்டினார். அம்மா கொடுத்த மாவடு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "உள்ளே கொட்டை இருக்கிறதா?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். ஆடிட்டர் ஆபீஸ் புத்தி. "இருக்கிறது" என்றேன். அதுவும் பைக்குள் போனது.

பிறகு சுகாதார அறிக்கை. கப்பல்காரர்கள் கொடுக்க வேண்டிய பழைய ஃபாரம். முதல் கேள்வியே இதுதான்: பயணத்தின்போது கப்பலில் யாராவது, விபத்தில் அல்லாமல், இறந்தார்களா?

மாமா பேனாவைப் பிடித்தபடி அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டது கப்பலில். பதில் 'இல்லை'. அந்த ஒரு வார்த்தையை எழுத அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது.

சுகாதார அதிகாரி ஒரு அம்மா. என் லாக் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அப்படி ஒருவர் என் லெட்ஜரைப் படித்து நான் பார்த்ததே இல்லை. ஐந்தாம் நாளில் விரல் நின்றது.

"இது என்ன மொழி? என்ன எழுதியிருக்கிறது? வழியில் எங்காவது நின்றீர்களா?"

சந்தேகம் நியாயம்தானே! எல்லாம் இங்கிலீஷில் இருக்க, ஒரு வரி மட்டும் புரியாத எழுத்தில். நான் மொழிபெயர்த்தேன். காலமானார்... தென்கிழக்கு... நேர்வழி. அந்த அம்மா விரலை அந்த வரியிலிருந்து எடுத்தார், தெரியாமல் காயத்தைத் தொட்டுவிட்ட மாதிரி. மாமாவைப் பார்த்து, "வருந்துகிறேன், கேப்டன்" என்றார். அப்புறம் கணக்குக்கு வந்தார்.

"ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 3. பதினாலு நாள் முடிந்தது" என்றார் கூட வந்தவர்.

எனக்கு வாய் சும்மா இருந்ததா? இல்லை சார், இருக்கவில்லை! "மேடம், நடுவில் தேதிக் கோடு வருகிறது. காலண்டரில் 14. கடிகாரத்தில் 13. இதோ, கிரீன்விச் நேரமும் எழுதியிருக்கிறேன்" என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! 34 நாள் பசிபிக்கில் கூட அவர் என்னைத் தள்ளிவிட நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்திருப்பார்.

அந்த அம்மா மணிக்கணக்கை எண்ணிப் பார்த்தார். முகக் கவசத்துக்குள் சிரித்தார் என்று நினைக்கிறேன். "நீங்கள் சொல்வது சரி. ஒரு நாள் பாக்கி. நாளைக் காலை ஏழு மணி வரை மஞ்சள் கொடியோடு இங்கேயே இருங்கள்" என்றார். படகு போய்விட்டது. மெரினாப் பையன் ஒருவன் மட்டும் ஒரு பையில் சிம் கார்டு கொண்டுவந்து, கம்பில் மாட்டி நீட்டினான்.

சிம்மைப் போட்டதும் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அம்மா. வாட்ஸ்அப் வீடியோவில். பின்னால் பாமணி ஆறு!

"தம்பி எங்கடா? இன்னிக்குப் பத்தாம் நாள் காரியம். ஆரம்பிக்கப் போறாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர்க் கணக்கில் ஜூலை 25-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 3 பத்தாம் நாள். அங்கே காலை எட்டு மணி, எங்களுக்கு மத்தியானம் ரெண்டரை. காலண்டர் கணக்கில் விட்டிருந்தால், நாங்கள் அந்த நேரத்தில் ஏதாவது கவுன்ட்டரில் டோக்கனோடு நின்றிருப்போம்.

அந்த வருஷம் ஜூன் 12-ம் தேதியே மேட்டூரைத் திறந்திருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மாமா ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அம்மா போனைக் கரையில் ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தாள். சின்ன மாமா படகின் பின்பக்கம், எலும்பெல்லாம் தெரிய, துண்டோடு உட்கார்ந்தார். அங்கே சொல்லச் சொல்ல இங்கே செய்தார். எள் இருந்தது. (கொட்டை இல்லையே, பிழைத்தது... விதைதான் என்று பிற்பாடு யோசித்து நடுங்கினேன்!) அங்கே நாவிதர் பெரிய மாமாவுக்கு மழித்தபோது, இங்கே ஷேவிங் ரேசரை எடுத்து என்னிடம் நீட்டினார். முடிச்சுப் போடத் தெரியாத கை சார். ஆடுகிற படகில் ஒரு கீறல் இல்லாமல் மழித்தேன்.

பிண்டத்தை அங்கே ஆற்றில் விட்டார்கள். நாங்கள் எதையும் கடலில் விடவில்லை. மஞ்சள் கொடி ஏற்றிய படகிலிருந்து எதையும் வெளியே போடக் கூடாது, சட்டம். மாமா கைகூப்பியபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே தண்ணிதான் மாப்ளே" என்றார்.

சாவு வீட்டில் பத்து நாள் யாரும் கோயிலுக்குப் போவதில்லை, விசேஷத்துக்குப் போவதில்லை. துக்கம் ஆறட்டும் என்று விலகி இருக்கச் சொல்லி வைத்த கணக்கு. அரசாங்கம் பதினாலு நாள் விலகி இரு என்கிறது. இரண்டு கணக்கும் அன்றைக்கு ஒரே படகில், ஒரே கொடியின் கீழ் ஓடியது.

மறுநாள் ஏழு மணிக்கு இமிக்ரேஷன் அதிகாரி வந்தார். முதல் நாள் வந்த கூட்டத்தில் இவரும் ஒருவர். மாமாவின் பாஸ்போர்ட்டைத் திறந்தார். போட்டோவில் கருகருவென்று முடி, மீசை. எதிரே வழவழவென்று மொட்டை. முந்தின நாள் அவர் குறித்துக்கொண்டு போனதும் முடியோடு உள்ள ஆளைத்தான்!

போச்சு, இன்னொரு ஃபாரம் என்று நான் ஃபைலைத் திறந்தேன்.

அந்த அதிகாரி பாஸ்போர்ட்டை மூடினார். மாமாவின் தலையைப் பார்த்தார். மெதுவாக, ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"அம்மா?"

தமிழில்!

மாமா தலையை ஆட்டினார். அதிகாரி ஸ்டாம்ப் குத்தினார். அப்புறம்தான் இங்கிலீஷில் பேசினார். அவருக்குத் தெரிந்த தமிழ் இன்னும் நாலைந்து வார்த்தைதானாம். கொள்ளுத் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். 1903-லிருந்து மதராஸ் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கப்பலில் அனுப்பினார்களே, அதில் ஒருவர். ஐந்து வருஷ 'அக்ரிமென்ட்'. அந்த வார்த்தைதான் அங்கே சனங்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. வந்தவர்களை முதலில் சுவாவுக்கு எதிரே நுகுலாவ் என்ற சின்னத் தீவில் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்து, அப்புறம்தான் தோட்டத்துக்குப் பிரித்து அனுப்புவார்கள்.

"அவருக்கும் ஊரில் அம்மா இருந்தாள். செய்தி எப்போது வந்ததோ, வந்ததோ இல்லையோ, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு அன்றைக்கே தெரிந்தது. எழுதியும் வைத்திருக்கிறீர்கள்" என்றார். முதல் நாள் அந்த வரியை நான் மொழிபெயர்த்தபோது அவர் ஓரமாக நின்று கேட்டிருக்கிறார்.

மஞ்சள் கொடியை மாமா இறக்கினார். மடித்து என்னிடம் கொடுத்தார். பக்கத்து ஊரில் முருகன் கோயில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார் அதிகாரி. ஊர் பேரை நாடி என்று எழுதுகிறார்கள், 'நந்தி' என்று சொல்கிறார்கள். துக்கம் கழிந்ததும் போனோம். நம்ம ஊர் கோபுரம் மாதிரியே இருக்கிறது.

நான் சென்னை வந்து சேர்ந்தது தனிக் கதை. ஆபீசில் என் நாற்காலி அப்படியே இருந்தது. முதலாளி, "கடல்ல போய் என்னய்யா கத்துக்கிட்டே?" என்றார். என்ன சொல்வது? "கணக்கை உள்ளபடி எழுதினா ஒரு நாள் நஷ்டமாகும் சார்" என்றேன்.

"அப்புறம்?"

"அந்த ஒரு நாள்தான் சார் தேவைப்பட்டுது."

அவருக்குப் புரியவில்லை. நீல பாக்ஸ் ஃபைல் இப்போது என் பீரோவில் இருக்கிறது. பச்சைப் பகுதியில் ஒரே ஒரு நாடு. அதன்மேல் மடித்து வைத்த மஞ்சள் கொடி.